ஆறு மணிக் குரல்

திங்கள்கிழமை மாலை. மருத்துவமனைத் தொலைபேசி அறையிலிருந்து ஒடீலா வீடு திரும்பினாள். கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். செருப்பைக் கழற்றவில்லை. மாதா கோவில் மணி ஆறு அடித்து ஓயும்வரை கூடத்தின் நடுவில் நின்றாள். பிறகு அலமாரியைத் தடவி, அதன்மேல் இருந்த சின்ன மின்னணுப் போர்டின் ஓரத்துப் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். பிளக்கைப் பிடுங்கிச் சமையலறையில் செருகிப் பார்த்தாள். கோழி அடைகாப்பதுபோல் போர்டை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள்.

எடுத்தவன் அன்செல்மோ.

"ஒரு திருட்டு" என்றாள்.

"என்ன போச்சு?"

"நிவால்டோவோட குரல்."

அன்செல்மோ பேனாவைக் கீழே வைத்தான்.

பக்கத்து மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தலைமை அதிகாரி எய்தோர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, குரல் திருட்டுக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு, மாட்டுத் திருட்டுக்குப் பக்கத்திலா, செம்புக்கம்பித் திருட்டுக்குப் பக்கத்திலா என்று விசாரித்தார். அன்செல்மோ மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "புகார் வாங்காதே, காப்பி மட்டும் வாங்கிக் குடிச்சிட்டு வா" என்று எய்தோர் பின்னாலிருந்து சொன்னார். அவருக்கும் நிவால்டோவைத் தெரியும். அந்த ஊரில் தெரியாதவர் யார்?

மீனாஸ் மலைகளுக்கு நடுவில் மேலே காப்பித் தோட்டமும் கீழே மின்னணுப் பட்டறைகளுமாக இருக்கும் ஊர் அது. அங்கே பாதிப் பேர் காப்பி பறித்தார்கள், மீதிப் பேர் ஈயம் பற்றவைத்தார்கள். ஒடீலாவின் கணவன் நிவால்டோவும் அன்செல்மோவும் ஊர் மின்னணுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. நிவால்டோ படித்து முடித்தான். அன்செல்மோ பாதியில் விட்டுப் போலீசில் சேர்ந்தான். போன வருடம் மழைக்காலத்தில், மலைப்பாதையில் வந்த நிவால்டோவின் கார் சபுகாயி ஆற்றில் இறங்கியது. அவனோடு அவன் மடிக்கணினியும் கைபேசியும் போயின. குரலைப் பதிந்து அனுப்பிக்கொள்ளும் பழக்கம் கைபேசிக்கு வராத நாட்கள். நிவால்டோவோ, கல்யாண வீடியோவிலேயே வாயைத் திறக்காதவன்.

அவன் குரல் மிஞ்சியது ஒரே இடத்தில். ஒடீலாவுக்குப் பார்வை முழுதாகப் போன வருடம், சிப் விற்பவர்கள் பொறியாளர்களுக்குப் பழகிப் பார்க்கக் கொடுக்கும் ஒரு சோதனைப் போர்டைக் கொண்டுவந்தான். உள்ளங்கை அளவு. நடுவில் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிப், ஓரத்தில் ஒரு பொத்தான். அதில் சின்ன ஒலிபெருக்கி ஒன்றை இணைத்து, எண்களைத் தன் குரலிலேயே சொல்லிப் பதிந்து ஏற்றினான். பொத்தானை அழுத்தினால் மணி சொல்லும். எல்லா மணியையும் வெறுமனே சொல்லும். மாலை ஆறுக்கு மட்டும் ஒரு வால் உண்டு.

"ஆறு மணி. கிளம்பிட்டேன், டீலா."

ஆறு மணிக்குத்தான் அவன் பட்டறையிலிருந்து கிளம்புவது வழக்கம். அவன் போன பிறகும் ஆறு மணிக்கு அந்தப் போர்டு கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. ஒடீலா கதவைத் திறந்து வைப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

*

திங்கள் இரவு, சாப்பாட்டு நேரம்.

ஒடீலா நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நிவால்டோவுக்கு முதல் வருட நினைவுத் திருப்பலி. ஒடீலா வீட்டில் மதியச் சாப்பாடு; வெண்டைக்காய் போட்ட கோழி, சோளக் களி. வந்தவர்கள் மூன்றே பேர். அவள் தம்பி ஜில்மார். நிவால்டோவின் பங்குதாரர் ப்ராலியோ. பட்டறையில் நிவால்டோவுக்குப் பக்கத்து இருக்கையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஜசீரா. சனிக்கிழமை ஆறு மணிக்குக் குரல் பேசியது. ஞாயிறன்று ஆறு மணிக்கு ஒடீலா கோவிலில் இருந்தாள், வந்ததும் களைப்பில் படுத்துவிட்டாள். திங்கள் ஊமை.

"தனியா யார் யார் இருந்தாங்க?" அன்செல்மோ கேட்டான்.

மூவருமே இருந்திருந்தார்கள். ஒடீலா காப்பி வடிகட்டிய நேரத்தில் ப்ராலியோ கூடத்தில் தனியாக இருந்தார். அவள் உடை மாற்றிய நேரத்தில் ஜில்மார் அலமாரிப் பக்கம் எதையோ நோண்டும் சத்தம் கேட்டது. எல்லாரும் கோவிலுக்கு நடந்தபோது, பாத்திரத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஜசீரா பின்தங்கினாள்.

"போர்டு அதே போர்டுதானா?"

"அதேதான். என் விரலுக்குத் தெரியாதா? ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். இந்த இடத்துல நாலு ஊசி நிக்கும். தடவினா குத்தும். இன்னைக்கு அவ்வளவா குத்தல."

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். போர்டின் ஒரு பாதி, கணினியோடு பேசுவதற்கு. மறு பாதி, சிப் இருப்பது. இரண்டு பாதிக்கும் நடுவே இரண்டு ஜோடி ஊசிகள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு சின்னத் தொப்பியால் மூடினால்தான் கணினி சொல்வது சிப்புக்குப் போகும். இப்போது இரண்டு கறுப்புத் தொப்பிகள் இருந்தன. ஆனால் ஜோடியை மூடவில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஊசியில் செருகப்பட்டு, மறு பக்கம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, மாடு மேயும்போது ஒற்றைக் காதை மடித்து வைப்பதுபோல.

"இந்தத் தொப்பிங்க முன்னாடி இல்லையா?"

"கழட்டிட்டான். யாராவது கம்ப்யூட்டர்ல சொருகிக் கெடுத்துடப் போறாங்கன்னு. என் பொத்தான் டப்பால போட்டு வச்சிருக்கான்."

அவளே டப்பாவைக் கொண்டுவந்தாள். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே அவள் விரல் துழாவி, இரண்டு மஞ்சள் தொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தது. அன்செல்மோ அவற்றைப் பார்த்தான். போர்டில் தொங்கியவற்றைப் பார்த்தான்.

வரும் வழியில் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் சிப்பைப் படிக்கும் மென்பொருளை வாங்கி வந்திருந்தான். கறுப்புத் தொப்பிகளைச் சரியாக மூடினான். மேசைமேல் கிடந்த ஒரு வெள்ளைக் கேபிளை எடுத்து, ஒரு முனையைப் போர்டிலும் மறுமுனையைத் தன் மடிக்கணினியிலும் செருகினான். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கணினி எதையும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று முறை பிடுங்கிச் செருகினான்.

"இந்த கேபிள் யாரோடது?"

"ஜில்மார் விட்டுட்டுப் போனது."

தன் பையிலிருந்த கேபிளைப் போட்டதும் கணினி 'டிங்' என்றது. ஒடீலா சட்டென்று தலையைத் திருப்பினாள். அந்தத் திருப்பலில் இருந்த நம்பிக்கையை அன்செல்மோவால் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தான். சிப் முழுக்கக் காலி. ஒரு எழுத்துகூட இல்லை. பூட்டு: திறந்திருக்கிறது.

"இல்ல, ஒடீலா."

அவள் தலையை ஆட்டினாள். சுவர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"யாருன்னு கண்டுபிடி. தண்டனையெல்லாம் வேணாம். என் மேசையில உக்காந்து என் கையால சாப்பிட்டவங்க. அதுல ஒருத்தருக்கு அவன்மேல அவ்வளவு வெறுப்பான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம இனிமே யாருக்கும் கதவைத் திறக்க முடியாது என்னால."

அன்செல்மோ வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பவில்லை. வேலை விஷயமாக மருத்துவமனைக்குப் போன் செய்யும்போதெல்லாம் ஒடீலாதான் எடுப்பாள். 'மாலை வணக்கம், எந்தப் பிரிவு வேணும்?' என்பாள். சில நாட்களில் வேலை விஷயம் இல்லாமலும் அவன் போன் செய்ததுண்டு. எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டதும் வைத்துவிடுவான். அதனால் ஒரு குரல் இல்லாமல்போவது என்ன என்று அவனிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

செவ்வாய், காலை.

ஜில்மாரின் கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே. கைபேசி உறை, சார்ஜர், கண்ணாடி ஒட்டி. அவன் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போர்டைத் தன் மடிக்கணினியில் இணைத்தது தான்தான் என்றான். குரலை எடுத்து ஒரு குறுந்தட்டில் பதிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்தப் போர்டைக் கண்ணில் படாமல் செய்துவிட நினைத்தானாம்.

"அக்கா தினம் ஆறு மணிக்கு அதுகிட்ட நின்னு அழுவுது. பாக்கச் சகிக்கல, சார். போனவன் தினமும் கிளம்பிக்கிட்டே இருந்தா இருக்கிறவ எப்படித் தூங்குவா?"

"அப்போ அழிச்சிட்ட."

"அழிக்கணும்னா சுத்தியல் போதாதா? கம்ப்யூட்டர் எதையும் காட்டவே இல்ல. விளக்குதான் எரிஞ்சுது. விட்டுட்டேன்."

அன்செல்மோ வெள்ளைக் கேபிளை அவன் முன்னால் போட்டு, விலை என்ன என்று கேட்டான். ஜில்மார் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். கடையிலேயே மலிவானது, சார்ஜ் மட்டும்தான் ஏறும், உள்ளே ரெண்டே கம்பி என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

"இதைக் கடைல விக்கிறவன் நீ. உனக்கே அப்போ தோணலையா?"

"வித்ததோட சரி, சார்" என்றான் ஜில்மார். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க. ஊர் பூரா சொல்லிச் சிரிக்கும்."

செவ்வாய், மதியம்.

ப்ராலியோவின் பட்டறை பேருந்து நிறுத்தங்களில் பேசும் பெட்டிகளைச் செய்தது. பார்வையற்றவர்களுக்கு எந்தப் பேருந்து வருகிறது என்று சொல்பவை. முதல் எண்ணம் நிவால்டோவுடையது. அந்தப் போர்டு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ப்ராலியோ ஒடீலாவிடம் பலமுறை கேட்டதும், அவள் மறுத்ததும் ஊரறிந்த விஷயம்.

அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, தான் போர்டைக் கையில் எடுத்ததையும் திருப்பி வைத்ததையும் ஒப்புக்கொண்டார்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"பாக்கத்தான். எடுத்துட்டு வந்து என்ன பண்ணப்போறேன்? உள்ளே இருக்கிறதை யாராலயும் படிக்க முடியாது. பூட்டியிருப்பான்."

வெளியூர்க்காரன் ஒருவன் அவர்கள் பள்ளி மணிக் கருவியை அப்படியே நகலெடுத்து விற்ற பிறகு, ப்ராலியோ ஒரு விதி வைத்தாராம். மேசையை விட்டு எது வெளியே போனாலும் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டைத் திறக்கலாம், ஆனால் திறந்த அந்த நொடியே சிப் தன் வயிற்றிலிருப்பதைத் தானே எரித்துக்கொள்ளும். நகலெடுக்க வருகிறவனுக்குச் சாம்பல்தான் மிஞ்சும்.

"வீட்டுக்குச் செஞ்சதையுமா பூட்டுவார்?"

"நிவால்டோவா? அவன் செஞ்ச, பாட்டுப் பாடுற பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக்கூடப் பூட்டித்தான் கொடுத்தான். அவன் கை அப்படி."

அன்செல்மோ பட்டறைக்குள் நடந்தான். ஜன்னல் ஓரத்தில் இரண்டு இருக்கைகள். ஒன்று காலி, அதன்மேல் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. மற்றதில் ஜசீரா. நாற்பதைத் தாண்டியவள், பேசும்போதும் கை நிற்காது. பழுதாகித் திரும்பி வந்த பெட்டிகளைத் திறந்து, போர்டுகளைக் கணினியில் இணைத்து, புதிய புரோகிராமை ஏற்றிக்கொண்டிருந்தாள். செருகினாள். திரையில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. அது முழுதாக வருவதற்குள் அவள் விரல் அதைத் தட்டி அனுப்பிவிட்டது. கழற்றினாள். அடுத்தது.

"என்ன கேக்குது அது?"

"யாருக்குத் தெரியும், சார். எப்பவும் அதேதான் கேக்கும். ஆமான்னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான், கல்யாணத்துல பாதிரியாருக்குச் சொல்ற மாதிரி." சிரித்தாள். "நான் அங்கயும் சொன்னதில்ல."

பிறகு சிரிப்பு நின்றது. அடுத்த போர்டை எடுத்த கை ஒரு கணம் காற்றில் தங்கியது.

முடித்த போர்டுகள் ஒரு தட்டில் வரிசையாக இருந்தன. அன்செல்மோ அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புத் தொப்பிகள், ஒற்றை ஊசியில் தொங்கிக்கொண்டு.

"இதென்ன, இப்படி விட்டிருக்கீங்க?"

"கழட்டிக் கீழே வச்சா உருண்டு போயிடும், சார். அப்புறம் தரையில மண்டி போட்டுத் தேடணும். இங்க எல்லாம் அப்படித்தான்…" என்று ஆரம்பித்தவள், "நான் அப்படித்தான் வைப்பேன்" என்று முடித்தாள்.

அவன் அவளை வேறெதுவும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. வெறும் மணிதான்.

*

சனிக்கிழமை, மாலை நான்கு.

சனிக்கிழமைகளில் ஜசீரா வந்து ஒடீலாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவாள். அந்தச் சனிக்கிழமை வரமாட்டாள் என்று அன்செல்மோ நினைத்திருந்தான். வந்திருந்தாள். மேசையில் சூடான பாலாடைக்கட்டி உருண்டைகளும் காப்பியும் இருந்தன. யாரும் தொடவில்லை. அவன் உட்கார்ந்து, போர்டையும் இரண்டு மஞ்சள் தொப்பிகளையும் மேசைமேல் வைத்தான். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் விடை தெரிந்தும் எழுதாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

"வெறுப்பு இல்ல, ஒடீலா" என்றான். "அதை முதல்ல சொல்லிடறேன்."

ஜில்மாரால் முடிந்திருக்காது. அவன் கேபிள் வழியாகக் கரண்ட் போகுமே தவிர பேச்சு போகாது. அதோடு, தொப்பி இல்லாத ஊசிகளைத் தாண்டிக் கணினியால் சிப்பைத் தொட முடியாது. நிவால்டோ கழற்றிய தொப்பிகள் மஞ்சள். இதோ, டப்பாவை விட்டு அசையவில்லை. போர்டில் இருந்தவை கறுப்பு. யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்தவை. கெடுக்க வருகிறவர் எதற்காகத் தொப்பியும் கேபிளும் தேடி எடுத்து வரவேண்டும்? தரையில் போட்டு மிதித்தால் போதாதா? தொப்பியோடு வந்தவர், உள்ளே இருந்ததை எடுக்க வந்தவர்.

"ப்ராலியோவுக்கு அது வேணுமே" என்றாள் ஒடீலா.

"அவருக்குப் பூட்டு தெரியும். அந்த விதியைப் போட்டதே அவர். திறந்தா சாம்பல்தான்னு தெரிஞ்சவர் கை வைக்கமாட்டார். இதைத் திறந்தவங்க, வீட்டுக்குச் செஞ்சதை அவன் பூட்டியிருக்க மாட்டான்னு நம்பினவங்க. அவனைப் பத்தி அவ்வளவு நல்லா நினைச்சவங்க."

ஜசீரா கைகளை மடியில் வைத்திருந்தாள். அன்றுதான் அவை அசையாமல் இருந்து அவன் பார்த்தான்.

"வேலை முடிஞ்சதும் தொப்பியைக் கழட்டிப் பையில போட்டிருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றான் அவளைப் பார்த்து. "ஆனா உங்க கை அதைப் பட்டறைல வைக்கிற மாதிரியே ஒத்தை ஊசியில தொங்க விட்டுட்டு வந்துடுச்சு. உருண்டு போயிடக் கூடாதுன்னு."

தெருவில் காப்பி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போனது. அதன் சத்தம் மேட்டில் ஏறித் தேய்ந்து மறையும்வரை மூவரும் கேட்டார்கள்.

"கேள்வி வந்துது, சார்" என்றாள் ஜசீரா கடைசியில். "பூட்டியிருக்கு, திறக்கவான்னு. நான் படிக்கல. கை சொல்லிடுச்சு. சொன்னப்புறம்தான் படிச்சேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஒரு நகல், அவ்வளவுதான், டோனா ஒடீலா. உங்களுது உங்ககிட்டயே இருக்கும்னு நினைச்சேன். தினம் ஆறு மணிக்கு அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளுவார். கிளம்பிட்டேன்னு பட்டறை பூராவுக்கும் சொல்லுவார். பத்து வருஷம் கேட்டுட்டேன். இப்போ ஆறு அடிக்குது, யாரும் கிளம்பமாட்டேங்கிறாங்க. எனக்கு வீட்டுக்குப் போகவே தெரியல."

அன்செல்மோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒடீலாவின் முகத்தில் என்ன வரப்போகிறது என்று பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வந்தது ஒரு சிரிப்பு. சின்னது.

"சர்க்கரை டப்பாவை மூடிட்டு மூணு தடவை அமுக்கிப் பாப்பான்" என்றாள். "அவனா பூட்டாம விடுவான்? நீயும் பத்து வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தே. இது தெரியல உனக்கு."

"தெரியல, டோனா."

"அவன் ரெகார்ட் பண்ணும்போது நீ இருந்தியா?"

"மைக்கைப் பிடிச்சுக்கிட்டது நான்தான். வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம். 'ஏழு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி எப்பவும் தொண்டையைக் கனைச்சுப்பார். அதை வெட்டிடலாம்னேன். வேணாம், அவளுக்கு அதுதான் அடையாளம்னார்."

ஒடீலாவின் விரல்கள் மேசைமேல் நகர்ந்தன. போர்டைத் தாண்டின, தொப்பிகளைத் தாண்டின, ஜசீராவின் மணிக்கட்டைக் கண்டுபிடித்து அங்கே நின்றன. பிடித்தது கோபமா, வேறா என்று அன்செல்மோவுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

"ஜசீரா. மணி என்ன?"

ஜசீரா சுவரைப் பார்த்தாள். அந்த வீட்டுச் சுவரில் கடிகாரம் கிடையாது. பிறகு புரிந்துகொண்டாள். கண்ணை மூடினாள். உதடு ஒருமுறை அசைந்து நின்றது. மறுபடி வாயைத் திறந்தபோது வந்தது அவள் பேச்சு அல்ல. குரல் அவளுடையதுதான், பெண் குரல்தான். ஆனால் சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியும், கடைசிச் சொல்லை நீட்டாமல் கதவு சாத்துவதுபோல் முடித்த விதமும், பள்ளிக்கூடத்து ஒரே பெஞ்சில் அன்செல்மோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவை.

"ஆறு மணி. கிளம்பிட்டேன், டீலா."

ஒடீலா எழுந்தாள். தடியில்லாமல் கூடத்தைக் கடந்து போய், வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.

வெயில் இன்னும் தரையில் கிடந்தது. அன்செல்மோவின் கைக்கடிகாரத்தில் மணி நான்கரை. அவன் சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டான்.